துறைமேட்டு மைக் செட் அக்கா

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தால் தயங்காமல் நம்பலாம். மைக் செட் அக்கா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அதைச் சொல்லியிருப்பார்.

ஒருமுறை மேலத்தெருக்காரர் ஒருவர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று அவருடைய மருமகன் வந்து நின்றான். சாவு அறிவிப்புச் செய்ய வேண்டும், உடனே ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுங்கள் என்றான்.

"நீ பாத்தியா?" என்று கேட்டார் அக்கா.

"போன் வந்துச்சுக்கா."

"போன் பண்ணவன் பாத்தானா?"

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் இங்கே பந்தல் போட்டு, பாடைக்கு மூங்கிலும் வெட்டியாகிவிட்டது. அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பந்தலுக்கு வந்தார். "கட்டில்ல குந்திக்கினு பன்னு துன்னுக்கினு கீறாரு. பக்கத்துக் கட்டிலு ஆளுதான் பூட்டாரு. மூங்கில எடுத்து அப்பால வைங்க" என்றார். அந்த மனிதர் அதன் பிறகு பல வருடம் இருந்தார். "ஊரே நம்பிச்சு, அவ ஒருத்திதான் நம்பல" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எழுதாமல் விடுவதும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இதில் அவர் விருப்பம்தான் பெரிது.

மைக் செட் அவருடைய கணவர் ஆரம்பித்தது. கோயில் புளியமரத்தில் குழாய் கட்டும்போது கிளை முறிந்து விழுந்து அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அக்கா ஆம்ப்ளியைத் துடைத்து, வயரைச் சுற்றி, தொழிலுக்கு வந்துவிட்டார். பொம்பளை மைக் செட் வைப்பதா என்று பேசினார்கள். அவர் குரலைக் கேட்டதும் பேச்சு நின்றது. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். கணீரென்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். ரேஷன் கடையில் சர்க்கரை வந்தது, மாடு காணாமல் போனது, அணையில் தண்ணீர் திறந்தது, எல்லாம் அந்தக் குரலில்தான் எங்களுக்கு வந்து சேரும். அரசியல் கூட்டத்துக்கு வாடகைக்குக் கூப்பிட்டால் போவார். "ஆயிரக்கணக்கில் திரண்டிருக்கும்" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் படிக்க மாட்டார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்" என்று முடித்துக்கொள்வார்.

எங்கள் ஊர் தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கிறது. மேல்புறத்தில் பாலம் வருவதற்கு முன்னால் இங்கே ஓடத்துறை இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாகவும் கழுதை மேலும் இறங்கி வரும். துறையை ஒட்டிய கிட்டங்கியில் அடுக்கி வைத்து, ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஓடத்தில் வடகரைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வண்டியில் திருவண்ணாமலைப் பக்கம் போகும். கிட்டங்கியின் ஒரு சுவர் இன்னும் நிற்கிறது. கருங்கல் படிகள் இருக்கின்றன. ஓடத்தைக் கட்டிய கல்லும் இருக்கிறது. அந்த இடத்துக்குத் துறைமேடு என்று பெயர்.

துறைமேட்டைப் பற்றிக் கதைகளுக்குக் குறைவில்லை. கட்டுக்கல்லில் இருக்கும் வரிப்பள்ளம் அம்மன் சிலம்பு பட்ட தடம் என்பார்கள். மஞ்சள் பூசி, பூ வைப்பார்கள். அக்கா ஒருநாள் வயர் சுற்றும் நைலான் கயிற்றைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. "கயிறு இழுத்து இழுத்துத் தேஞ்ச தடம் இது. எத்தன பேரு கை நொந்திருக்கும். அதுக்கே பூ வைக்கலாம், தப்பில்ல" என்றார். யாருக்கும் கோபம் வரவில்லை. சிரித்தார்கள்.

சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருந்தது.

நான் பிறந்த சமயத்தில், ஓர் ஐப்பசியில், வடகரையிலிருந்து வந்த ஓடம் நடு ஆற்றில் கவிழ்ந்தது. காலனிப் பெண்கள் ஆறு பேர் போனார்கள். பெரிய வீட்டுக்காரருடைய வடகரை நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள். ஏன் கவிழ்ந்தது என்பதற்கு ஊரில் சொல்லும் காரணம் இது: ஓடத்தில் ஏறிய பெண்களில் ஒருத்தி தீட்டோடு ஏறினாள். துறையம்மன் பொறுக்கவில்லை. புரட்டிவிட்டாள்.

கதை அதோடு நின்றிருந்தால்கூட வேறு விஷயம். அன்றிலிருந்து காலனிப் பெண்கள் துறைமேட்டுப் படியில் கால் வைக்கக்கூடாது என்று ஆனது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு எங்கள் துறைக்கு வரும். அன்று படியின் குறுக்கே ஒரு கயிறு கட்டுவார்கள். காலனிப் பெண்கள் கீழே, ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்தைத் தாண்டிப் போய், உடைந்த பாட்டிலும் கருவேல முள்ளும் கிடக்கும் இடத்தில் முழுக வேண்டும். அந்த ஒருத்தியின் குடும்பத்துக்கு "ஓடம் கவுத்த வூடு" என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய பேத்தி நான் பாடம் நடத்தும் வகுப்பில் படித்தாள். ஏழாம் வகுப்பு. பாலத்தில் பஸ் ஏறும்போது பையன்கள், "ஏய், அவ ஏறுறாடா, எல்லாரும் எறங்குங்க" என்று கத்துவார்கள். நான் அதே பஸ்ஸில்தான் போவேன். பையன்களை அதட்டியிருக்கிறேன். கதையை அதட்டியதில்லை.

அதைவிடக் கேவலம், அந்தக் கதையை நான் எழுதினேன். நான் தமிழாசிரியர். திருவிழாக் கமிட்டித் தலைவர், பெரிய வீட்டுக்காரருடைய பேரன், துறைமேட்டின் வரலாறு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். நோட்டீஸாக அடித்து, திருவிழா அன்று மைக்கிலும் படித்து, பிறகு கல்வெட்டுப் பலகையாகவும் வைப்பதாகத் திட்டம். நான் மகிழ்ந்துபோய் எழுதினேன். மலைச் சரக்கு, கிட்டங்கி, ஓடம் எல்லாம் எழுதினேன். கவிழ்ந்த கதையையும், "தூய்மை குன்றிய நங்கையொருத்தி" என்று அலங்காரமாக எழுதினேன். அந்தச் சொற்களை இன்று நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டு வாசலில் நின்றார்.

"சார், இத எழுதனது நீங்கதான?"

"ஆமாக்கா. நல்லா இருக்கா?"

"ஓடம் கவுந்தத யாரு பாத்தது?"

"காலங்காலமா சொல்லிட்டு வர்றதுக்கா. ஐதீகம்."

"ஐதீகம்னா இன்னா சார்? பாக்காதத சொல்றதா?"

நான் நாட்டார் வழக்கு, வாய்மொழி மரபு என்று ஏதேதோ பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நான் மைக்குல படிக்கப் போறேன் சார். படிச்சா அது நான் சொன்ன மாதிரி. ஓடத்துல இருந்தவங்க யாராச்சும் உசுரோட கீறாங்களான்னு பாக்கணும்" என்றார்.

ஒரு வாரம் அலைந்தார். ஓடக்காரர் அந்த வருடமே ஊரை விட்டுப் போய்விட்டார், எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிழைத்தவர்களில் ஒரு பெண் வடகரையில் வாக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னார். "எழுதனவரு நீங்க. கேக்க வாணாமா?" மறுக்க முடியாமல் போனேன்.

அந்த அம்மாள் களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதை நெருங்கியிருப்பார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"இத்தினி வருசத்துல ஒருத்தரும் வந்து கேட்டதில்ல" என்றார். "எனக்குப் பதினஞ்சு வயசு. மழ கட்டிக்கினு வந்திச்சு. ஆத்துல தண்ணி ஏறிக்கினே கீது. ஓடக்காரரு, பொம்பளைங்கள ஒரு தடவ உட்டுட்டு வரேன், மூட்டைய அடுத்த தடவ ஏத்தலாம்னாரு. பெரிய வூட்டுக் கணக்கு வழக்கு பாக்கற காரியக்காரரு ஒத்துக்கல. மல்லாட்ட நனஞ்சா இன்னாத்துக்கு ஆவும், எல்லாத்தையும் ஒண்ணா ஏத்துடான்னு சத்தம் போட்டாரு. மூட்டைய அடுக்கி, அதும் மேல எங்கள குந்த வெச்சாங்க. ஓடத்து விளிம்புக்கும் தண்ணிக்கும் நாலு வெரலுதான் இருந்திச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. நடு ஆத்துல ஒரு சுழி. மூட்டை ஒரு பக்கமா சரிஞ்சிது. போச்சு. எங்கையில மூங்கில் கழிய தள்ளி உட்டது பச்சையம்மாதான். புடிச்சிக்கடின்னு கத்தனா. அவ கைக்கு ஒண்ணும் இல்ல."

பச்சையம்மா என்பதுதான் அந்த ஒருத்தியின் பெயர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் பேத்திக்குப் பாடம் நடத்துகிறேன். பாட்டியின் பெயர் தெரிந்திருக்கவில்லை.

அக்கா மெதுவாகக் கேட்டார். "தீட்டோட ஏறனான்னு சொல்றாங்களே..."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான்தான் அந்தக் கதையைச் சொல்லி வந்தவன் என்று தெரிந்துகொண்டதுபோல் பார்த்தார். "தீட்டா? ஆறு மாசம் முழுவாம இருந்தா அவ. வயிறு தெரிஞ்சிது. ஆறு மாசத்துக்காரிக்கு எங்கேர்ந்துய்யா தீட்டு வரும்?"

இத்தனை வருடம், இத்தனை பேர், படித்தவன் நான் உட்பட, ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"மறுநாளு மொதல்ல மூட்டையத்தான் தேடனாங்க" என்றார் அவர். "ஆள அப்புறம்தான் தேடனாங்க. மூணாம் நாளு கிட்டங்கில நின்னுக்கினு அந்தக் காரியக்காரருதான் தீட்டுன்னு சொன்னது. எங்க வூட்டாளுங்க காதால கேட்டாங்க. எதுத்துப் பேச எங்களால முடியுமா அப்ப?"

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா, "நோட்டீஸ மாத்தி எழுதிக் குடுங்க சார்" என்றார். சரி என்றேன். கமிட்டித் தலைவரிடம் போனேன். அவர் காபி கொடுத்தார். "அடிச்சாச்சு சார். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தை ஐந்தாம் நாள். ஆற்று மணலில் கால் வைக்க இடமில்லை. கரும்பு, சிறுவள்ளிக்கிழங்கு, பலூன், ராட்டினம். சாமிகள் வரிசையாக இறங்கி நின்றன. கிட்டங்கிச் சுவர் ஓரம் அக்காவின் மேஜை. தீர்த்தவாரிக்கு முன்னால் துறை வரலாற்றைப் படிக்கச் சொல்லித் தலைவர் கையைக் காட்டினார்.

அக்கா படித்தார். மலைச் சரக்கைப் பற்றிப் படித்தார், கிட்டங்கியைப் பற்றிப் படித்தார். ஓடம் வந்ததும் தாளை மடித்து மேஜை மேல் வைத்தார்.

"இதுக்கு மேல இதுல எழுதியிருக்கறத நான் படிக்கப் போறதில்லைங்க. ஓடத்துல இருந்தவங்க சொன்னதச் சொல்றேன். ஓடத்த அம்மன் கவுக்கல. தண்ணி ஏறுற நேரத்துல மூட்டைய ஏத்தி, மூட்ட மேல பொம்பளைங்கள ஏத்தனாங்க. பாரம் தாங்காம கவுந்திச்சு. பழி சொல்றீங்களே, அவங்க பேரு பச்சையம்மா. ஆறு மாசம் முழுவாம இருந்தாங்க. முழுவாம இருந்தவங்களுக்குத் தீட்டு இல்ல. இது வூட்ல பொம்பளைங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். செத்துப்போன மத்தவங்க பேரையும் சொல்றேன், கேட்டுக்குங்க..."

மூன்றாவது பெயரில் வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

தலைவர் மேஜையைத் தட்டினார். "உனக்கும் அவளுக்கும் இன்னா சொந்தம்? உன்ன எவன் கேட்டான்?"

"சொந்தம் ஒண்ணும் இல்லீங்க. உங்க தாத்தா மேல எனக்குப் பகையும் இல்லீங்க" என்றார் அக்கா. பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "சாரும் எங்கூட வந்து கேட்டாரு. சொல்லுங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். "நான்... சும்மா துணைக்குப் போனேன். எனக்குச் சரியா தெரியல" என்றேன்.

அக்கா என்னை முறைக்கவில்லை. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அது போதும்.

இரண்டு பேர் மரத்தில் ஏறிக் குழாய்களைக் கழற்றிக் கீழே எறிந்தார்கள். ஒன்று படியில் மோதி நசுங்கியது. அந்தச் சத்தத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து காலனிப் பெண்கள் மணலில் நடந்து வந்தார்கள். அக்கா பேசியது குழாய் வழியாக அங்கேயும் கேட்டிருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் முன்னால் வந்தார். பச்சையம்மாவின் மகள். கயிற்றருகே நின்றார். கத்தவில்லை. கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போங்க, போங்க" என்று மற்றவர்களை உள்ளே விட்டார். கடைசியாக அவரும் குனிந்து நுழைந்து படியில் இறங்கினார். எங்கள் ஊர் ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். ஆனால் பத்து ஊர்ச் சாமியும் பத்து ஊர் ஜனமும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் கை நீட்டவில்லை.

அக்கா அந்த நேரத்தில் இன்னொரு வேலையில் இருந்தார். அழுதுகொண்டிருந்த ஒரு சிறு பெண் குழந்தையை யாரோ மேஜைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மைக் இல்லை, குழாய் இல்லை. அவர் மேஜை மேல் ஏறி நின்று, "மஞ்சக் கவுனு போட்ட புள்ள, பேரு சொல்லத் தெரியல, அம்மா யாரு, வாங்க" என்று வெறுங்குரலில் அந்தக் கூட்டத்தை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தார். தாய் வந்து சேரும் வரை இறங்கவில்லை.

அதோடு அவருடைய தொழில் எங்கள் ஊரில் முடிந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, சாவுக்கும் கூப்பிடவில்லை. கமிட்டி திருக்கோவிலூரிலிருந்து வேறு செட் கொண்டுவந்தது. நசுங்கிய குழாய்க்கு ஈடு கேட்டுப் பஞ்சாயத்துக்குப் போனார். ஊர்ப் பொது விஷயத்தில் வாய் விட்டதற்கு நீதான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கேட்கவில்லை. ஒரு மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பொய்யைக் காப்பாற்றியவன் ஊரில் தலைவனாக இருந்தான். பொய்யை அழகாக எழுதியவன் பள்ளிக்கூடத்தில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தான். பார்த்து, கேட்டு, உள்ளதைச் சொன்னவளுக்கு ஊரில் இடமில்லை. இதை எந்த அலங்காரமும் இல்லாமல் எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சில வருடம் கழித்து சென்னை போகும் வழியில், உளுந்தூர்பேட்டையை ஒட்டி ஒரு ஓட்டலில் பஸ் நின்றது. "திருச்சி வண்டி இன்னும் கால் மணி நேரம் நிக்கும், நிதானமா சாப்பிடுங்க" என்று ஒலிபெருக்கியில் கேட்ட குரலை எனக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். அந்தத் திருவிழா நாளை மறக்க முடியவில்லை, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சார்? நான் கேட்டுக்கினு வந்தத சொன்னேன், பூட்டேன். பச்சையம்மா வூட்டாண்ட போயி சொன்னீங்களா?"

போகவில்லை. அதற்குள் என் பஸ் ஹாரன் அடித்தது. அக்கா மைக்கைப் பிடித்து, "சென்னை வண்டிக்கு ஒரு ஆள் வந்துக்கினு கீறாரு, நிறுத்துங்க" என்றார். நான் ஓடினேன்.

அடுத்த வாரம் காலனிக்குப் போனேன். பச்சையம்மாவின் மகள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உங்கள் அம்மா அப்போது ஆறு மாதம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லி முடித்தேன். அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எங்கம்மா எத்தினி மாசம்னு எங்களுக்குத் தெரியாதா சார்? எங்ககிட்ட வந்து சொல்றீங்களே. ஊருல சொல்லுங்க."

ஊரில் சொல்லப் போனேன். அதற்குள் கமிட்டி பலகை வைத்துவிட்டிருந்தது. கருப்புக் கல்லில் தங்க எழுத்து. என் இரண்டு பக்கமும் வரி விடாமல், "தூய்மை குன்றிய நங்கை" உட்பட. அடியில் என் பெயர். கமிட்டிக்கு எழுத்து மூலம் மனு கொடுத்தேன். எழுதியவன் நானே, இது தவறு என்று நானே சொல்கிறேன், அகற்றுங்கள் என்று கேட்டேன். மூன்று முறை அலைந்த பிறகு ஓர் ஆளை உளியோடு அனுப்பினார்கள். அவன் என் பெயரை மட்டும் கொத்தி எடுத்துவிட்டுப் போனான். கதை அப்படியே இருக்கிறது.

இந்தத் தை ஐந்தாம் நாள் காலை முதல் அந்தப் பலகையின் பக்கத்தில் நின்றேன். காலனிப் பெண்கள் படியில் முழுகிக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு முன்னால் நின்று படித்த ஒவ்வொருவரிடமும், "அந்தக் கடைசிப் பத்தி பொய்ங்க. நடந்தது வேற" என்று சொன்னேன். மூட்டையைச் சொன்னேன், காரியக்காரரைச் சொன்னேன், பச்சையம்மா என்ற பெயரைச் சொன்னேன். பலர் தலையாட்டிவிட்டுக் கிழங்கு வாங்கப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, கல்லை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார்.

"கல்லுல அடிச்சி வெச்சிருக்காங்க. பொய்னு சொல்றீங்க. நீங்க யாருங்க?"

"இத எழுதனவன்" என்றேன்.